முப்பத்தேழு எங்கே ஒளிந்திருந்தது?

கொடுமுடியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு பக்கம். முதல் மூன்று பக்கம் முழுவதும் குடும்பச் சமாசாரம். அதை இங்கே வெளியிட எனக்கு உரிமை இல்லை. நான்காவது பக்கத்தில்தான் இந்த வாரப் பகுதிக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது.

அவருடைய மகன் ஆறாம் வகுப்பில் படிக்கிறான். ஐந்தாம் வகுப்பு முடியும் வரையில் தினந்தோறும் இரவுச் சாப்பாடு ஆனபிறகு அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து இவரேதான் கணக்குச் சொல்லிக் கொடுத்து வந்தார். இவருடைய படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. இருந்தாலும் கூட்டல், கழித்தல், பின்னம் எல்லாவற்றிலும் பையனுக்கு இணையாக ஈடுகொடுத்து வந்திருக்கிறார். போன மாதம் அவன் ஒரு கணக்கைக் கொண்டு வந்தான். 1369, 1517 என்ற இரண்டு எண்களுக்கும் மீப்பெரு பொதுக் காரணி கண்டுபிடிக்க வேண்டும். தாயும் பிள்ளையுமாக இரண்டால் வகுத்துப் பார்த்தார்கள். மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். எதற்கும் அந்த எண்கள் மசியவில்லை. மணி பத்தாயிற்று. பையன் நோட்டுப் புத்தகத்தைப் பட்டென்று மூடினான்.

"விடும்மா, உனக்குத் தெரியாது. ராமானுஜன் பொறந்த ஈரோடு பக்கத்துலதான் இருக்குது. நமக்கு ஒரு கணக்கு வரமாட்டேங்குது! என்னை டியூஷன்ல சேர்த்து விட்டுரு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டான்.

"டியூஷனுக்குப் பணம் கட்டறது பெரிசில்லைங்க" என்று எழுதுகிறார் அந்தச் சகோதரி. "அவன் 'உனக்குத் தெரியாது'ன்னு சொன்னதுதான் நெஞ்சிலேயே நிக்குது. இனிமே எங்கிட்ட நோட்டை எடுத்துக்கிட்டு வரமாட்டான்."

இந்த வாரம் மற்றக் கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டேன். உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே நாடகம் நடக்கிறதோ, யார் கண்டது? பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் தாயாரின் மடியைவிட்டு இறங்கிப் போகிற நாள் ஒன்று வரத்தான் செய்யும். ஆனால் ஆறாம் வகுப்பிலேயே, அதுவும் இந்தக் கணக்கை முன்னிட்டு, அது இறங்கிப் போவதில் எனக்குச் சம்மதமில்லை.

முதலில் பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். "மீப்பெரு பொதுக் காரணி" என்றால் ஏதோ சர்க்கார் உத்தியோகஸ்தரின் பட்டம் மாதிரி காதில் விழுகிறது. காரியத்தில் அது நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் செய்து வரும் வேலைதான். ஆடிப் பதினெட்டு அன்று கொடுமுடியில் காவிரிக் கரைக்குப் போய்வந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுமங்கலிகளுக்குக் கொடுப்பதற்காக உங்களிடம் 96 வளையலும் 60 மஞ்சள் கிழங்கும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பைகளிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒருத்திக்கு ஒரு வளையல் குறைந்தாலும் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். கடைசியில் எதுவும் மிஞ்சவும் கூடாது. அப்படியானால் அதிகபட்சம் எத்தனை பை போடலாம்? 12 பை. ஒவ்வொன்றிலும் 8 வளையல், 5 மஞ்சள். அந்தப் பன்னிரண்டுக்குத்தான் இவ்வளவு பெரிய பட்டம்.

பன்னிரண்டு எப்படி வந்தது? பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரும் வழி இது: இரண்டு எண்களையும் பகா எண்களாக உடைக்க வேண்டும். பகா எண் என்பது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாத எண். உடைத்தபின், இரண்டிலும் பொதுவாக இருப்பவற்றைப் பொறுக்கி எடுத்துப் பெருக்க வேண்டும். சிறிய எண்களுக்கு இது ரொம்ப நல்ல வழி. எண் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது குழந்தைக்குக் கண்ணுக்குத் தெரிகிறது. நான் இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வழியில் ஓர் இடைஞ்சல் உண்டு. எண்ணை உடைக்க முடிந்தால்தான் மேலே போகலாம். 1369-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31 என்று பதினோரு பகா எண்கள் வரிசையாக வந்து தோற்றுத் திரும்புகின்றன. பன்னிரண்டாவதாக வரும் 37-தான் அதை உடைக்கிறது. 1517-க்கும் அதே கதை. கொடுமுடித் தாயும் பிள்ளையும் இரவு பத்து மணிக்குப் பதின்மூன்றில் களைத்து உட்கார்ந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இனி வேறொரு வழி. இதற்குக் கழிக்கத் தெரிந்தால் போதும்.

பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வந்த மிச்சத்தையும் அந்தச் சிறிய எண்ணையும் வைத்துக்கொண்டு மறுபடியும் பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். இரண்டும் சமமாகும் வரையில் இப்படியே செய்துகொண்டு போங்கள். 96-லிருந்து 60 போனால் 36. அறுபதிலிருந்து 36 போனால் 24. முப்பத்தாறிலிருந்து 24 போனால் 12. இருபத்து நாலிலிருந்து 12 போனால் 12. இரண்டு பக்கமும் பன்னிரண்டு, முடிந்தது. ஒரு எண்ணையாவது உடைத்தோமா? இல்லை.

இது ஏதோ கண்கட்டு வித்தை என்று விட்டுவிடக் கூடாது. "ஏம்மா அப்படி வருது?" என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே! அடுப்பங்கரைக்கு வாருங்கள். இரண்டு பாத்திரங்களில் பால் இருக்கிறது. ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு. ஓர் ஆழாக்கினால் இரண்டையும் மிச்சம் மீதியில்லாமல் அளந்துவிட முடிகிறது. இப்போது பெரிய பாத்திரத்திலிருந்து, சிறியதில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு பாலை எடுத்துவிடுகிறோம். எடுத்ததும் முழு ஆழாக்குகள், முன்பு இருந்ததும் முழு ஆழாக்குகள். ஆகவே மிஞ்சியிருப்பதும் முழு ஆழாக்குகளாகத்தானே இருக்க வேண்டும்? அரை ஆழாக்கு எங்கிருந்து வரும்? எடுத்த பாலை மறுபடி ஊற்றினாலும் கணக்கு அப்படியேதான். அதாவது, கழிப்பதனால் பொது அளவு எதுவும் புதிதாக வந்து சேர்வதுமில்லை, இருந்தது தொலைவதுமில்லை. எண்கள் மட்டும் சிறுத்துக்கொண்டே போகின்றன. கடைசியில் இரண்டும் சமமாகும்போது, ஒளிந்திருந்த அந்தப் பெரிய பொது அளவு ஓட இடமில்லாமல் வெளியே வந்து நிற்கிறது.

ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கழிப்பதற்குப் பதில் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டால் இன்னும் சீக்கிரம் முடியும். பையனின் கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். 1517-ல் 1369 ஒரு தடவை போகும், மீதி 148. 1369-ல் 148 ஒன்பது தடவை போகும். ஒன்பது தடவைக்கு 1332, மீதி 37. 148-ல் 37 சரியாக நாலு தடவை போகும், மீதி இல்லை. ஆகவே விடை 37. மூன்றே வரி! டியூஷன் வாத்தியார் வீட்டுக்குச் செருப்பு மாட்டிக்கொள்கிற நேரம் கூட ஆகாது.

"சரிதான், ஆனால் பள்ளிக்கூடத்தில் காரணிப்படுத்தித்தானே காட்டச் சொல்லியிருக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கும் இதே 37 உதவுகிறது. விடை கையில் கிடைத்தபின் 1369-ஐ 37-ஆல் வகுத்தால் 37. 1517-ஐ 37-ஆல் வகுத்தால் 41. 37, 41 இரண்டும் பகா எண்கள். பிறகென்ன, 37 பெருக்கல் 37, 37 பெருக்கல் 41 என்று வாத்தியார் கேட்டபடியே அழகாக எழுதிக் காட்டலாம். இது திருட்டுத்தனமாகாதா என்று யாராவது கேட்டால், பின்வாசல் வழியாகத் தன் வீட்டுக்குள் நுழைகிறவனைத் திருடன் என்று யாரும் சொல்வதில்லை என்று பதில் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் இதையே 'யூக்ளிடின் வகுத்தல் வழிமுறை' என்று கௌரவமாக உட்கார வைத்திருக்கிறார்கள். பையன் நாலு வருஷம் முந்திக்கொள்கிறான், அவ்வளவுதான்.

யூக்ளிட் என்ற கிரேக்க மேதை கி.மு. 300 வாக்கில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்தில் இருந்தவர். தம்முடைய பெரிய கணித நூலின் ஏழாம் புத்தகத்தில் முதல் இரண்டு தேற்றங்களிலேயே இந்தக் கழித்தல் வழியைச் சொல்லிவிட்டார். நம் தேசத்திலோ ஆரியபடர் கி.பி. 499-ல் எழுதிய 'ஆரியபடீயம்' என்ற நூலில் இதே போன்ற மாற்றி மாற்றி வகுக்கும் முறையைக் கொண்டு இன்னும் கடினமான கணக்குகளைத் தீர்த்திருக்கிறார். இத்தனை பேருக்குப் பங்கிட்டால் இவ்வளவு மிஞ்சுகிறது, அத்தனை பேருக்குப் பங்கிட்டால் அவ்வளவு மிஞ்சுகிறது, மொத்தம் எத்தனை என்கிற ரகம். அந்த முறைக்குப் பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'குட்டகம்'. வடமொழியில் இடித்துப் பொடியாக்குவது என்று பொருள். பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் இடிப்பது. விழுந்த மிச்சத்தைக் கொண்டு அந்தச் சிறிய எண்ணையே திருப்பி இடிப்பது. உரலும் உலக்கையும் பழகிய கைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? இந்தப் பெயரைப் பாடப் புத்தகத்தில் வைத்திருந்தால் எத்தனையோ குழந்தைகளுக்குப் பாதிப் பயம் போயிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த முறையின் வேகத்தை 1844-ல் லாமே என்ற பிரெஞ்சுக்காரர் அளந்து சொன்னார். இரண்டு எண்களில் சிறியதில் எத்தனை இலக்கம் இருக்கிறதோ, அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வகுக்கவே நேராது என்றார். நான்கு இலக்க எண் என்றால் எவ்வளவு மோசமாகப் போனாலும் இருபது வகுத்தல். நூறு இலக்க எண்ணா? ஐந்நூறு வகுத்தல். கை வலிக்கும், ஆனால் முடிந்துவிடும். அதே நூறு இலக்க எண்ணைப் பகா எண்களாக உடை என்று சொன்னால் மனிதக் கையால் ஆகிற காரியமே அல்ல. அறுநூறு இலக்கத்துக்குப் போய்விட்டால் உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்களே கையை விரித்துவிடுகின்றன.

அந்தக் கையை விரிப்பதை நம்பித்தான் இன்று உலகத்தின் ரகசியங்களில் ஒரு பகுதி இருந்து வருகிறது! 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்ற மூவர் ஒரு பூட்டைக் கண்டுபிடித்தார்கள். மிகப் பெரிய பகா எண்கள் இரண்டை ரகசியமாக எடுத்துக்கொண்டு, அவற்றைப் பெருக்கி வந்த எண்ணைப் பகிரங்கமாக வெளியில் மாட்டிவிடுவது. இதுதான் பூட்டு. உடைக்கத் தெரிந்தவனுக்குத்தான் சாவி. உடைக்கவோ யாராலும் முடியாது.

2012-ல் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு குழுவாகத் தனித்தனியே ஒரு காரியம் செய்தார்கள். இணையத்தில் பகிரங்கமாகத் தொங்கும் பல லட்சம் பூட்டு எண்களைத் திரட்டினார்கள். ஒன்றையாவது உடைக்க முயலவில்லை. ஒன்றோடொன்று பொதுக் காரணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான பூட்டுகள் படார் படாரென்று திறந்துகொண்டன! காரணம் என்னவென்றால், இணைய இணைப்புக்காக வைக்கும் சிறு பெட்டிகள் போன்ற சில சாதனங்கள் சோம்பேறித்தனமாக ஒரே பகா எண்ணைத் திரும்பவும் எடுத்து உபயோகித்திருந்தன. 1369-ம் 1517-ம் 37-ஐப் பங்கு போட்டுக்கொண்ட மாதிரி. தனியாக நின்றால் எந்தக் கொம்பனாலும் உடைக்க முடியாத இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கழித்துப் பார்த்தால் அவற்றின் ரகசியம் வெளியே வந்துவிடுகிறது. கொடுமுடியில் அன்றிரவு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது இதே சமாசாரம்தான். எண்கள் மட்டும் கொஞ்சம் சிறிசு.

போகிற போக்கில் இன்னொன்று. குழந்தைகள் மீப்பெரு பொதுக் காரணியையும் மீச்சிறு பொது மடங்கையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். இருப்பதைச் சமமாகப் பங்கு போடுகிற கணக்கு என்றால் பொதுக் காரணி. பிரிந்தவை மறுபடி எப்போது சேரும் என்கிற கணக்கு என்றால் பொது மடங்கு. ஒரு பஸ் 12 நிமிஷத்துக்கு ஒரு தடவை, இன்னொரு பஸ் 18 நிமிஷத்துக்கு ஒரு தடவை. இப்போது சேர்ந்து புறப்பட்டால் மறுபடி எப்போது சேர்ந்து புறப்படும்? இரண்டையும் பெருக்கினால் 216. பொதுக் காரணி 6. அதனால் வகுத்தால் 36 நிமிஷம். ஒன்று தெரிந்தால் மற்றது தானே வந்துவிடும். அவ்வளவு போதும்.

"கழித்துப் பார்" என்கிற இந்தச் சின்ன யுக்தியைக் கையில் வைத்துக்கொண்டு நம் தமிழர் ஒருவர் செய்த காரியத்தைச் சொல்லாமல் இந்த வாரம் முடிக்க எனக்கு மனமில்லை. ராமானுஜன் பெயர் எல்லோருக்கும் தெரியும். சு. சி. பிள்ளை என்று சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்?

சிவசங்கரநாராயண பிள்ளை 1901-ஆம் வருஷம் ஏப்ரல் 5-ஆம் தேதி குற்றாலத்துக்குப் பக்கத்திலுள்ள வல்லம் என்ற ஊரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயாரை இழந்தவர். பள்ளிப் படிப்பு முடிகிற தறுவாயில் தகப்பனாரும் போய்விட்டார். அவருடைய திறமையைக் கண்டுகொண்ட ஆசிரியர் ஒருவர் கைகொடுத்ததால் படிப்பு நின்றுபோகவில்லை. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்து, அங்கே இருந்த காலத்தில்தான் உலகம் வியக்கும் காரியங்களைச் செய்தார்.

அவர் 1940-ல் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பை மட்டும் சொல்கிறேன். ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கதவு இலக்கங்கள் விடாமல் வரிசையாக இருக்கின்றன. இரண்டு இலக்கங்களுக்கு ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி இருந்தால் அந்த இரண்டு வீடும் உறவு என்று வைத்துக்கொள்வோம். 24-லிருந்து 28 வரை ஐந்து வீடுகள் என்றால் 24-ம் 27-ம் மூன்றினால் உறவு. இரட்டைப்படை வீடுகளெல்லாம் இரண்டினால் உறவு. 25 மட்டும் யாரோடும் ஒட்டாத வீடு. இப்படி ஒட்டாத வீடு ஒன்றுகூட இல்லாத, எல்லோரும் யாருக்காவது உறவாக இருக்கிற தெரு எங்கேயாவது உண்டா?

பதினாறு வீடு வரையில் கிடையவே கிடையாது என்று பிள்ளை நிரூபித்தார். எண்கள் கோடியில் இருந்தாலும் சரி, கோடானுகோடியில் இருந்தாலும் சரி, தெருவில் ஒருவராவது ஒட்டாமல் இருப்பார். பதினேழு வீடானால் நிலைமை மாறிவிடுகிறது. 2184 முதல் 2200 வரை உள்ள பதினேழு எண்கள்தான் அப்படிப்பட்ட முதல் தெரு. 17-லிருந்து 430 வரை எந்த நீளத்துக்கும் இப்படி ஒரு தெரு உண்டு என்பதையும் அவரே காட்டினார். அதற்கு மேலும் எல்லா நீளத்துக்கும் உண்டு என்பதை மறு வருஷம் ஆல்ஃபிரட் பிரௌவர் என்ற கணித அறிஞர் நிரூபித்தார்.

பிள்ளைக்கு அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகர ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மகாநாட்டிலும் கலந்துகொள்வதாக ஏற்பாடு. புறப்பட்டார். 1950 ஆகஸ்ட் 31-ஆம் தேதி அவர் சென்ற விமானம் எகிப்தில் கெய்ரோவுக்கு அருகே விழுந்து நொறுங்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. பிள்ளைக்கு அப்போது வயது 49.

அவருடைய தெருவை உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே சரிபார்க்கலாம். பெரிய வகுத்தல் எதுவும் வேண்டாம். இரண்டு வீடுகளுக்கு எது பொதுவோ அது அவற்றின் வித்தியாசத்தையும் மீதியின்றி வகுக்கும், ஆழாக்குக் கதைதான். பதினேழு வீட்டுத் தெருவில் வித்தியாசம் 16-க்கு மேல் போகாது. ஆகவே 2, 3, 5, 7, 11, 13 என்ற ஆறு பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். இரட்டைப்படை வீடுகள் ஒன்பதும் தங்களுக்குள் உறவு. மிச்சம் எட்டு. 2185-ம் 2195-ம் ஐந்தினால் உறவு. 2187, 2193, 2199 மூன்றும் மூன்றினால் உறவு. 2191-க்குத் தெருக்கோடியிலுள்ள 2184 ஏழினால் உறவு. 2189-க்கு மறுகோடியில் இருக்கும் 2200 பதினொன்றினால் உறவு. 2197-க்கோ 2184 பதின்மூன்றினால் உறவு. தீர்ந்தது.

2200 வீட்டைக் காலி செய்துவிட்டால் 2189 தனிமரமாகிவிடும். அதற்குப் பதில் 2184-ஐக் காலி செய்தால் தனியாகிறவர் யார், 2191-ஆ 2197-ஆ, அல்லது இருவருமா? அதை நான் சொல்லப் போவதில்லை. உங்கள் வீட்டில் யார் முதலில் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.